கல்கத்தாவில் ஓர் ஐந்து செட் ஆட்டம்

டென்னிஸ் என்றதும் என் தோழியர் விம்பிள்டனைப் பற்றிப் பேசுவார்கள். 2008-ல் பெடரரும் நடாலும் ஆடிய இறுதியாட்டத்துக்கு ஈடு இல்லை என்பார்கள். எனக்கோ கல்கத்தா சவுத் கிளப்பின் புல்தரையும் 1966 டிசம்பரும்தாம் நினைவுக்கு வரும். நான் பிறப்பதற்கு வெகு காலம் முன்பே முடிந்துவிட்ட ஆட்டம் அது!

டேவிஸ் கோப்பைப் போட்டி. இந்தியாவும் பிரேசிலும் ஆளுக்கு இரண்டு வெற்றிகளோடு சமமாக நின்றன. கடைசி ஆட்டத்தில் வெல்லும் நாடே கோப்பையை வைத்திருந்த ஆஸ்திரேலியாவை இறுதியில் சந்திக்கும். நம் பக்கம் ராமநாதன் கிருஷ்ணன். எதிரே தாமஸ் கோச். கிருஷ்ணனுக்கு வயது 29. 1954-ல் விம்பிள்டன் சிறுவர் பட்டம் பெற்றவர். 1960, 1961 ஆகிய இரு ஆண்டுகளிலும் அங்கே அரையிறுதி வரை சென்றவர். கோச் 21 வயது இடக்கை வீரர். கிருஷ்ணனின் சர்வீஸில் வேகம் இராது. பந்தை எதிராளி இல்லாத இடத்தில் நோகாமல் வைத்துவிட்டு வருவதே அவர் பாணி.

முதல் செட் 3–6 எனப் போயிற்று. இரண்டாவது 6–4 என வந்தது. மூன்றாவதோ முடிகிற வழியாகவே இல்லை. அக்காலத்தில் ‘டை-பிரேக்’ முறை கிடையாது. இரண்டு கேம் முந்தும்வரை ஆடியே தீர வேண்டும். 10–12 என அதையும் இழந்தார். நான்காவதில் 2–5. இன்னும் ஒரே ஒரு கேம். கோச் அதை எடுத்துவிட்டால் எல்லாம் முடிந்தது.

என் அம்மாவைப் பெற்ற அப்புச்சி அப்போது திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் கைமடிக்கும் பையன். டென்னிஸ் மட்டையைத் தொட்டதே இல்லை. டீக்கடையில் ஒருவர் பத்திரிகையை உரக்கப் படிக்க, பத்துப் பேர் சுற்றி நின்று கேட்டார்களாம். “ரெண்டுக்கு அஞ்சு கண்ணு! அங்க நின்னும் நம்மாளு கை நடுங்கல பாத்துக்கோ” என்று இன்றும் சொல்லும்போது அவர் குரல்தான் நடுங்கும்.

கிருஷ்ணன் தொடர்ந்து ஐந்து கேம்களை வென்றார். 7–5. ஐந்தாவது செட் 6–2. மொத்தம் 61 கேம்கள். அவருக்கு 32, கோச்சுக்கு 29. மூன்றே மூன்று கேம் வித்தியாசம்! டேவிஸ் கோப்பையின் இறுதிச் சுற்றை இந்தியா எட்டியது அதுவே முதல் முறை.

மெல்போர்னில் நாம் 4–1 எனத் தோற்றோம். கிருஷ்ணனும் ஜெய்தீப் முகர்ஜியும் இணைந்து நியூகோம்ப், ரோச் ஜோடியை வென்ற இரட்டையர் ஆட்டம் மட்டுமே நமக்குக் கிடைத்தது. 1987-ல் கிருஷ்ணனின் மகன் ரமேஷ், சிட்னியில் இதே போல 2–2 என்ற நிலையில் இறங்கி, வாலி மசூரை வென்று நம்மை மீண்டும் இறுதிக்குக் கொண்டு சென்றார். அப்பனுக்குப் பிள்ளை தப்பாமல் பிறந்தார் என்பார் அப்புச்சி.

எனக்கும் அவருக்கும் ஒரு வழக்கு மட்டும் தீரவில்லை. நான் கோச்சைப் பற்றிக் கேட்பேன். வாயருகே வந்த வெற்றியை விட்டுவிட்டு அந்த 21 வயது இளைஞர் விமானம் ஏறியபோது என்ன நினைத்திருப்பார்? “நம்ம ஊரு ஜெயிச்சதப் பாரு சாமி, எதிராளிக்கு எதுக்கு அழுகற” என்பார் அப்புச்சி. நான் விடுவதில்லை. 5–2-லிருந்து அவர் தோற்ற அந்த ஐந்து கேம்களையும் ஒவ்வொன்றாகச் சொல்லச் சொல்லிக் கேட்கிறேன். பத்திரிகையில் அவ்வளவு விவரம் போடவில்லையாம்.