கொல்லிமலை அடிவாரத்தில் ஓர் அல்சேஷன்

கொல்லிமலை போகிற பேருந்தில் ஏறி, மலை தொடங்கும் முன்பே சேந்தமங்கலத்தில் இறங்கிவிட்டேன். 70 கொண்டை ஊசி வளைவும் அறப்பளீஸ்வரர் கோயிலும் ஆகாய கங்கையும் மேலே காத்திருக்க, அடிவாரத்து வீடொன்றில் ஒரு நாய்க்கு எப்படி முடி கொட்டுகிறது என்று பார்க்க வந்தவன் நான். பக்கத்து இருக்கைக்காரர் "மலைக்குத்தானுங்களே?" என்று கேட்டபோது, சொந்தக்காரர் வீடு என்று சொல்லி வைத்தேன்.

வீடு ஊரின் ஓரத்தில், தென்னந்தோப்பை ஒட்டி இருக்கிறது. கோழிப்பண்ணைக் குடும்பம். நாமக்கல் பக்கம் பண்ணைக்காரர்கள் காவலுக்குப் பெரிய நாய் வளர்ப்பது புதிதல்ல. முன்பெல்லாம் அது கொட்டகையோடு நின்றுவிடும். இப்போது ஹாலுக்குள் வந்துவிட்டது, சிக்கலும் கூடவே வந்துவிட்டது. இந்த வீட்டு டைகர் ஜெர்மன் ஷெப்பர்டு. நம் ஊர்ப் பேச்சில் அல்சேஷன். ஆறு வயது, 35 கிலோவுக்குக் குறையாது. என்னை ஒரு சுற்று மோந்து பார்த்துவிட்டு முழங்காலில் உடம்பைத் தேய்த்துக்கொண்டு போனது. கீழே பார்த்தேன். அந்த ஒரு உரசலில் ஒட்டிய முடியை எடுக்கவே கொஞ்ச நேரம் ஆகும்.

"வாங்க தம்பி, உக்காருங்க. அந்தச் சேரு வேண்டாம், அது அவனோடது" என்றார் வீட்டுக்கார அக்கா.

வருஷம் முழுக்க முடி கொட்டும் நாய் இருக்கிற வீடு என்று சொன்னால் நம்ப முடியாதபடி தரை சுத்தமாக இருந்தது. எப்படி என்று கேட்டதும் அக்கா முதலில் போய் மின்விசிறியை நிறுத்தினார். "காத்தாடி ஓடறப்ப கூட்டினா முடி நமக்கு முன்னாடி ஓடுமுங்க. சீமாறுக்கு அகப்படாது." சீமாற்றை அவர் எடுக்கவுமில்லை. குளியலறைத் தண்ணீரைத் தள்ளுகிற ரப்பர் வைப்பரைக் கொண்டுவந்து, காய்ந்த தரையில் அழுத்தி இழுத்தார். ரப்பர் உரசியதில் கண்ணுக்கே தெரியாமல் கிடந்த முடியெல்லாம் சுருண்டு திரிதிரியாகச் சேர்ந்துகொண்டு வந்தது. பீரோவுக்கு அடியில் விட்டு இழுத்தபோது வந்ததைப் பார்த்து அக்காவுக்கே கொஞ்சம் கூச்சம். இதற்குப் பிறகுதான் ஈரத்துணி. முதலிலேயே ஈரத்துணி போட்டால் முடி தரையோடு ஒட்டி, மூலையில் சேறு மாதிரி திரண்டு நிற்கும்.

வீட்டுக்குள் இருக்கும் பொருள்களையும் அந்தக் கண்ணோடுதான் வைத்திருக்கிறார்கள். துணி சோபா விடைபெற்றுப் போய்விட்டது. மர நாற்காலியும் ரெக்ஸின் மெத்தையும். திவானில் மட்டும் துணி விரிப்பு, அதையும் ஈரமான ரப்பர் கையுறை போட்டு ஒரே பக்கமாகத் தடவினால் முடி உருண்டு வந்துவிடுகிறது. ஃபிரிட்ஜை மாதம் ஒருமுறை முன்னே இழுத்து, பின்பக்கக் கம்பிச் சுருளைத் துடைக்கிறார்கள். அங்கே முடி படர்ந்தால் சூடு வெளியே போகாமல் கம்ப்ரஸர் ஓய்வில்லாமல் ஓடும், கரண்ட் பில் ஏறும். விரிப்புகளைத் துவைக்கும் முன் வெயிலில் காயப்போட்டுச் சுவரில் அடித்து உதறுகிறார்கள். உதறாமல் போட்டுவந்த காலத்தில் வாஷிங் மெஷினில் தண்ணீர் இறங்காமல் போக, மெக்கானிக் வந்து வடிகட்டியிலிருந்து உருவியெடுத்தது கம்பளித் துண்டு என்றே அக்கா நினைத்தாராம்.

சமையலறை வாசலில் இடுப்பளவுக்கு ஒரு மரத் தட்டி. டைகர் நினைத்தால் ஒரே தாவில் தாண்டும், தாண்டுவதில்லை. பூஜையறைக்கும் படுக்கையறைக்கும் அதே சட்டம். படுக்கையறைச் சட்டத்துக்குக் காரணம் பேரனின் இளைப்பு. ஒவ்வாமை முடியால்தான் வருகிறது என்று பலரும் நினைக்கிறார்கள். உண்மையில் நாயின் எச்சிலிலும் தோல் பொடுகிலும் இருக்கும் புரதங்களே அதைக் கிளப்புகின்றன. முடி அவற்றைச் சுமந்து திரிகிறது, அவ்வளவுதான். முடி குறைவாகக் கொட்டும் நாயை வாங்கினால் இளைப்பு வராது என்ற நம்பிக்கையில் பணத்தைக் கொட்டுகிறவர்கள் இதைத் தெரிந்துகொள்வது நல்லது.

இதெல்லாம் அக்காவின் இலாகா. வீட்டுக்கார அண்ணனுடைய வேலை பின்கட்டில், வேப்பமரத்தடியில் நடக்கிறது.

டைகருக்கு அந்த இடமும் நேரமும் பழக்கம். கயிற்றுக் கட்டில் பக்கத்தில் போய் தானாகவே நின்றுகொண்டது. அண்ணன் கையில் நீண்ட பற்கள் கொண்ட சீப்பு. பெட் ஷாப்பில் அண்டர்கோட் ரேக் என்று கேட்டால் கொடுப்பார்கள். முதுகில் தொடங்குவார் என்று எதிர்பார்த்தேன். அவர் நேராகப் பின்தொடைக்குப் போனார். இடது கையால் மேல்முடியை எதிர்ப்பக்கமாக விலக்கிப் பிடித்து, தோல் தெரிகிற இடத்திலிருந்து முடி போகும் திசையில் சின்னச் சின்னதாக வாரினார். மேலே பார்த்தால் கறுப்பும் செம்பழுப்புமான நாய். சீப்பில் வந்ததோ சாம்பல் நிறத்தில், இலவம்பஞ்சு போல, எடையே இல்லாத ஒன்று. ஒரு வரிசை முடிந்ததும் விரலகலம் தள்ளி அடுத்த வரிசை. அழுத்தவில்லை. ஒரே இடத்தில் அழுத்தி வாரினால் தோல் சிராய்த்துச் சிவந்துவிடும், அப்புறம் சீப்பைக் கண்டாலே நாய் ஓடும். பின்தொடை, வாலடி, கழுத்துப் பிடரி என்று மூன்று இடங்களில்தான் பஞ்சு அதிகம். முதுகுக்கு அவர் செலவிட்ட நேரம் கொஞ்சமே. கால் மணி நேரத்தில் கட்டிலின் மேல் ஒரு பூனை சுருண்டு படுத்திருப்பது போன்ற குவியல்.

"முடி கொட்டறத நிறுத்த முடியாதுங்க. எங்க கொட்டணும்கறத வேணா நாம சொல்லலாம். இங்க கொட்டுனா ஊட்டுக்குள்ள கொட்டாது" என்றார் அண்ணன். நான் கேட்டுவந்த யோசனைகளில் இதற்கு மேல் உருப்படியானது எதுவும் இல்லை.

குவியல் தென்னைக்குழிக்குப் போகிறது. முடி பெரும்பாலும் புரதம். மெதுவாக மக்கி உரமாகும். சிலர் குருவி கூடு கட்டட்டும் என்று வேலியில் செருகி வைக்கிறார்கள். நல்ல மனசுதான், ஆனால் உண்ணிக்கு முதுகில் சொட்டு மருந்து விட்டிருக்கும் நாயின் முடியை அப்படி வைக்கக்கூடாது. இங்கிலாந்தில் சசெக்ஸ் பல்கலைக்கழகத்தினர் பறவைக் கூடுகளை ஆராய்ந்து, கூட்டுக்குள் மெத்தையாக விரித்திருந்த விலங்கு முடியில் ஃபிப்ரோனில் போன்ற உண்ணி மருந்துகள் இருந்ததை 2025இல் வெளியிட்டார்கள். அதே மருந்து நம் கடைகளிலும் விற்கிறது.

சரி, ஏன் வருஷம் முழுக்க? அல்சேஷனுக்கு இரண்டடுக்கு முடி. வெளியே முரட்டு முடி மழையைத் தள்ளும். உள்ளே பஞ்சு குளிரைத் தாங்கும். இந்த இனத்தை மாக்ஸ் ஃபான் ஸ்டெஃபானிட்ஸ் என்பவர் 1899இல் ஜெர்மனியில் நிலைநிறுத்தினார், ஆடு மேய்க்க. அந்த நாட்டில், பெர்லினை எடுத்துக்கொண்டால், கோடையில் பகல் 16 மணி நேரத்துக்கு மேல். குளிர்காலத்தில் 8 மணி நேரம்கூட இல்லை. கண் வழியாக உள்ளே போகும் பகலின் நீளத்தை மூளை அளந்து, மெலடோனின், புரோலாக்டின் போன்ற ஹார்மோன்கள் மூலம் முடியின் வேர்களுக்குத் தாக்கல் அனுப்புகிறது. பகல் நீளத் தொடங்கினால் குளிர்காலப் பஞ்சை உதிர், குறையத் தொடங்கினால் புதுப் பஞ்சு வளர். ஆண்டுக்கு இரண்டு முறை பெரிய உதிர்வு, இடையில் ஓரளவு ஓய்வு.

சேந்தமங்கலம் இருப்பது நிலநடுக்கோட்டுக்கு வடக்கே 11 பாகைக்குச் சற்று மேலே. ஆண்டின் மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் இங்கே வித்தியாசம் ஏறக்குறைய 1 மணி 20 நிமிடம். அதோடு ராத்திரி பத்து மணி வரை டியூப் லைட் வெளிச்சத்தில் சீரியல் பார்க்கும் குடும்பத்தோடு நாயும் உட்கார்ந்திருக்கிறது. எப்போது உதிர்ப்பது என்று உடம்புக்குத் தெளிவான தாக்கல் கிடைப்பதில்லை. அதனால் தினமும் கொஞ்சம் கொஞ்சமாக உதிர்த்துக்கொண்டே இருக்கிறது. லாப்ரடாருக்கும் கோல்டன் ரெட்ரீவருக்கும் இதே கதைதான். குட்டை முடி என்று லாப்ரடாரை வாங்குகிறவர்கள் பாவம், அந்த முடி ஊசி மாதிரி துணிக்குள் குத்தி நிற்கும்.

மலையில் குளிர்ச்சியாயிற்றே, அங்கே எப்படி என்று மதியத்துக்கு மேல் செம்மேடு வரை போய்ப் பார்த்தேன். 1000 மீட்டருக்கு மேலே வெயிலின் கடுமை இறங்கிவிடுகிறது, நாய்க்கு மூச்சிரைப்பு குறைகிறது. ஆனால் பகலின் நீளம் அடிவாரத்தில் உள்ளதுதானே. தங்கும் விடுதி ஒன்றின் லாப்ரடார் வரவேற்பறை மிதியடி முழுவதையும் தன் நிறத்துக்கு மாற்றி வைத்திருந்தது. மார்கழி பனி முடிந்து தை, மாசியில் கொஞ்சம் கூடுதலாகக் கொட்டும் என்று மட்டும் அங்கே சொன்னார்கள்.

கீழே, கோடை வந்தால் பலரும் செய்கிற காரியம் மொட்டை. சேந்தமங்கலத்திலேயே ஒரு கோல்டன் ரெட்ரீவரைப் பார்த்தேன். போன பங்குனியில் மெஷின் போட்டு ஒட்ட மழித்திருக்கிறார்கள். அடுத்த பங்குனி நெருங்கியும் முதுகில் பஞ்சு ஒரு பக்கம் தடித்து, மேல்முடி திட்டுத்திட்டாக வந்து, பார்க்கவே பாவமாக இருந்தது. நாய் நம்மைப் போல உடம்பெல்லாம் வியர்த்துச் சூட்டை ஆற்றிக்கொள்வதில்லை. நாக்கைத் தொங்கவிட்டு இரைத்துத்தான் ஆற்றிக்கொள்கிறது, வியர்ப்பது பாதங்களில் மட்டும். சிக்கில்லாமல் வாரிய மேல்முடி அதற்கு வெயில் தடுப்பு. அதை எடுத்துவிட்டால் தோல் நேரடியாக வெந்துபோகும். கொட்டுவதும் நிற்காது, நீள முடி கொட்டிய இடத்தில் குச்சி முடி கொட்டும். தோல் நோய்க்கு மருத்துவர் சொல்லி மழிப்பது வேறு விஷயம்.

தினமும் குளிப்பாட்டுவதும் கெடுதல்தான். தோலின் எண்ணெய்ப்பசை போய், வறண்டு, அரிப்பெடுத்து இன்னும் கொட்டும். நம் ஷாம்பு நாய்த் தோலின் அமிலத்தன்மைக்குப் பொருந்தாது. இந்த வீட்டில் மாதத்துக்கு ஒன்றிரண்டு முறை, நாய்க்கான ஷாம்பு. உடம்பு முழுக்கக் காய்ந்தபின் வாருகிற அன்றுதான் சீப்பு நிரம்பி வழியும்.

சாப்பாட்டுப் பேச்சு வந்தபோது இந்த வட்டாரத்துக்கே உரிய ஒரு கோளாறு வெளிப்பட்டது. நாமக்கல்லில் முட்டைக்கு என்ன பஞ்சம்? பண்ணையில் கீறல் விழுந்த முட்டைகளைப் பச்சையாகவே தட்டில் உடைத்து ஊற்றிவிடுவார்கள். பச்சை வெள்ளைக்கருவில் இருக்கும் அவிடின் என்ற புரதம், தோலுக்கும் முடிக்கும் வேண்டிய பயோட்டின் சத்தைப் பிடித்துக்கொண்டு உடம்பில் சேரவிடாது. பச்சை முட்டையில் கிருமி பயமும் உண்டு. அண்ணன் இப்போது வேகவைத்துத்தான் போடுகிறார். எதிர்வீட்டு நாய் வெறும் தயிர்ச்சோற்றில் வளர்கிறது, முடி பொலிவே இல்லை. நாய் சாப்பிடும் புரதத்தில் கால் பங்கு வரை தோலுக்கும் முடிக்குமே போகிறது. தயிர்ச்சோற்றில் அது எங்கே கிடைக்கும்? முள் நீக்கிய அவித்த மத்தி மீன் வாரத்தில் ஓரிரு நாள் போட்டால், அதிலுள்ள ஒமேகா-3 கொழுப்பு தோலுக்கு உதவும். கருவாடு வேண்டாம், உப்பு.

இத்தனையும் ஆரோக்கியமான உதிர்வுக்கு. எது ஆரோக்கியம், எது நோய் என்று பிரித்தறிய எனக்குக் கற்றுத் தந்தவர் பேருந்து நிலையம் பக்கம் மருத்துவம் பார்க்கும் கால்நடை மருத்துவர் ஒருவர். நாள்முழுக்க மாடும் ஆடும் பார்த்துக் களைத்தவர், ஆனாலும் ஒவ்வொரு கேள்விக்கும் பதில் சொன்னார். உடம்பு முழுக்கச் சீராகக் கொட்டி, தோல் எங்கும் தெரியாமல் இருந்தால் கவலை இல்லை. வட்ட வட்டமாகச் சொட்டை, சிவப்பு, புண், பொடுகு, எண்ணெய் நாற்றம், ஓயாத சொறிச்சல் என்றால் பூஞ்சை, சொறிப்பூச்சி, தெள்ளுப்பூச்சி ஒவ்வாமை இப்படி ஏதோ ஒன்று. அரிப்பே இல்லாமல் விலாவின் இரு பக்கமும் ஒரே மாதிரி முடி மெலிந்து, வால் எலிவால் போலாகி, நாய் மந்தமாகி எடை கூடினால் தைராய்டு ரத்தப் பரிசோதனை. "கொட்டுது கொட்டுதுன்னு மாத்திரை கேக்கறாங்க. கொட்டறதுக்கு மாத்திரை கிடையாது, நோய்க்குத்தான் மாத்திரை" என்றார். பெரிய பரிசோதனைகளுக்கு இந்தப் பக்கத்துக்காரர்களுக்கு நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது, 1985இல் தொடங்கியது. இப்படி ஒரு கல்லூரி கூப்பிடு தூரத்தில் இருப்பது எல்லா ஊருக்கும் வாய்க்காத வசதி.

தமிழ்நாடு அரசு 2024இல் வெளியிட்ட நாய் இனப்பெருக்கக் கொள்கையில், நம் தட்பவெப்பத்துக்கு ஒவ்வாதவை என்று சைபீரியன் ஹஸ்கி, செயின்ட் பெர்னார்டு, அலாஸ்கன் மாலமூட், சௌ சௌ உள்ளிட்ட 11 இனங்களை இங்கே இனப்பெருக்கம் செய்யத் தடை சொல்லியிருந்தது. அல்சேஷனும் லாப்ரடாரும் அந்தப் பட்டியலில் இல்லை. ஆகவே அவை தொடர்ந்து நம் வீடுகளுக்கு வந்துகொண்டிருக்கும். பெரிய நாய்தான் வேண்டும், முடித் தொல்லை குறைவாக வேண்டும் என்பவர்களுக்கு ராஜபாளையம், சிப்பிப்பாறை, கோம்பை, கன்னி இருக்கின்றன. குட்டையான, ஒட்டிய முடி, இந்த வெயிலிலேயே பிறந்து வளர்ந்தவை. ராஜபாளையத்துக்கு அஞ்சல் துறை 2005இல் தபால்தலையே வெளியிட்டது. ஆனால் சேந்தமங்கலத்தில் நான் விசாரித்த வீடுகளில் ஒன்றில்கூட அவற்றைப் பார்க்கவில்லை.

குட்டி வாங்கும் எண்ணத்தில் இருப்பவர்களுக்கு ஒன்று சொல்வேன். குட்டிக்கு இந்த அளவு கொட்டாது. அதைப் பார்த்து முடிவெடுக்காதீர்கள். அதே இனத்தில் வளர்ந்த நாய் இருக்கும் வீட்டுக்கு, கறுப்பு பேன்ட் போட்டுக்கொண்டு போய் அரை மணி நேரம் உட்கார்ந்து எழுந்திருங்கள். வீட்டில் தினமும் கால் மணி நேரம் சீப்பு பிடிக்கப் போவது யார் என்று பெயர் சொல்லி முடிவு செய்துவிட்டு, அதற்குப் பிறகு முன்பணம் கொடுங்கள்.