பலகை அடித்து மூடும் சந்தை ஊர்

இங்கிலாந்தின் டெர்பிஷயரில், பீக் மாவட்ட மலைகள் தொடங்கும் இடத்தில் இருக்கிறது ஆஷ்போர்ன். 1257-இல் சந்தை கூட்டும் உரிமை பெற்ற ஊர். இன்றும் மக்கள்தொகை பத்தாயிரத்தை எட்டவில்லை. சரிவான சந்தைத் திடல், புனித ஆஸ்வால்டு தேவாலயத்தின் 212 அடி ஊசிக்கோபுரம், தெருவின் குறுக்கே நிற்கும் பழைய விடுதியின் பெயர்ப்பலகை, இஞ்சி பிஸ்கட் என்று சுற்றுலாக் கையேடுகள் அடுக்கும். இவையெல்லாம் அழகுதான். ஆனால் பெயரை மாற்றிப் போட்டால் இந்தப் பட்டியல் இன்னும் பல ஆங்கிலச் சிற்றூர்களுக்கும் பொருந்திவிடும். ஆஷ்போர்னைத் தனி ஊராக வைத்திருப்பது, ஆண்டில் இரண்டு நாள் அதன் கடைத்தெருவையே முடக்கிப்போடும் ஒரு பந்தாட்டம். யாருக்கும் இடைஞ்சல் தராத விழா வேடிக்கை பார்க்க நன்றாயிருக்கும். ஊரைச் சேர்த்துப் பிடிக்கும் வலு அதற்கு வராது.

தவக்காலம் பிறப்பதற்கு முந்தைய செவ்வாயும் திருநீற்றுப் புதனும்தான் ஆட்ட நாள்கள். ஊரின் நடுவே ஓடும் ஹென்மோர் ஓடைக்கு வடக்கே பிறந்தவர் 'அப்பர்ட்ஸ்', தெற்கே பிறந்தவர் 'டவுனர்ட்ஸ்'. ஆள் கணக்குக் கிடையாது, ஆடுகளமும் கிடையாது. இரு இலக்குகளுக்கும் இடையே மூன்று மைல் தூரம். ஸ்டர்ஸ்டனிலும் கிளிஃப்டனிலும் இருந்த தண்ணீர் ஆலைகளே முன்பு இலக்குகள். ஆலைகள் போன பிறகு ஓடைக்கரையில் கல் மேடை கட்டி, அதில் எந்திரக்கல்லைப் பதித்திருக்கிறார்கள். பந்தை அதன்மேல் மூன்று முறை தட்டினால் கோல். ஓடையில் விழுந்தாலும் மிதக்கட்டும் என்று தோல்பந்துக்குள் தக்கையை அடைத்திருப்பார்கள். கோல் போட்டவருக்கே பந்து சொந்தம். அவர் விருப்பப்படி புதிதாக வண்ணம் தீட்டி வீட்டுக்குப் போய்ச் சேரும். பணப் பரிசு இல்லை.

இது தானாக நடந்துவிடுகிற காரியமல்ல. கடைக்காரர்கள் சன்னல்களுக்குப் பலகை அடிக்க வேண்டும், வயல்களில் கூட்டம் இறங்கி மிதிப்பதை உழவர்கள் பொறுக்க வேண்டும், இரவு பத்து மணிக்கு ஆட்டக்காரர்கள் விட்டுவிட்டு வர வேண்டும். கல்லறைத் தோட்டத்துக்குள் பந்து போகக் கூடாது, வண்டியில் ஏற்றக் கூடாது என்ற கட்டுப்பாடுகளும் உண்டு. கொலை கூடாது என்றும் ஒரு விதி இருப்பதைச் சொன்னால் யாரும் சிரிப்பார்கள். 1860-களில் வழக்குப் போட்டு ஆட்டத்தை நிறுத்தப் பார்த்தார்கள். ஊர் பணிந்துவிடவில்லை, முரண்டும் பிடிக்கவில்லை. பந்தை மேலே எறிந்து தொடங்கும் இடத்தைச் சந்தைத் திடலிலிருந்து ஷா கிராஃப்ட் திடலுக்கு மாற்றிக்கொண்டது. அந்தத் திடல் இன்று கார் நிறுத்துமிடம். 1928-இல் பிற்கால எட்டாம் எட்வர்டு, அப்போது வேல்ஸ் இளவரசர், பந்தை எறிந்து தொடங்கிவைத்ததால் பெயரில் 'ராயல்' ஒட்டிக்கொண்டது. ஆட்டத்தைக் காப்பாற்றியது அந்தப் பட்டம் என்பாரும் உண்டு. அதற்கு முன்பே வழக்குகளைத் தாண்டி வந்த ஆட்டத்துக்கு அது தேவைப்பட்டிருக்குமா என்பது சந்தேகம்.

வலுவான மறுப்பு வேறொன்று. இது உடல்வலு மிக்க ஆண்கள் சிலரின் முரட்டு விளையாட்டு. மற்றவர்கள் சகித்துக்கொள்கிறார்கள், அதை ஒற்றுமை என்று ஏன் அழைக்க வேண்டும்? கூட்டத்தின் நடு நெரிசலில் நிற்பவர்கள் பெரும்பாலும் ஆண்களே என்பது உண்மை. 1943-இல் பெண்கள் கோல் போட்டதை விதிவிலக்கு என்றே கொள்ள வேண்டும். ஆனால் சகித்துக்கொள்வது சும்மா கிடைக்கும் சரக்கல்ல. இரண்டு நாள் வருமானத்தை இழக்கிற கடைக்காரருக்கு, எதிர்த்து நின்று நிறுத்தும் வழிகள் இருந்தும் அவர் பலகைதான் அடிக்கிறார். அந்த இசைவு ஆண்டுதோறும் புதிதாகக் கேட்டுப் பெறப்படுவது, மறுக்கப்படவும் கூடியது. 1968-இலும் 2001-இலும் கால்நடைகளுக்குக் கோமாரி பரவியபோது, இரண்டு உலகப் போர்களிலும் நிற்காத ஆட்டத்தை ஊர் நிறுத்திவைத்தது. வயலுக்கு வயல் ஓடும் கூட்டம் நோயைக் காலில் ஒட்டிக்கொண்டு போகும் என்ற அச்சமே காரணம். சுற்றுவட்டப் பண்ணைகளை நம்பி வளர்ந்த சந்தை ஊர், அந்த ஆண்டுகளில் பந்தைவிட மாட்டைப் பெரிதாக நினைத்தது.