சார்ஜ் கேறாத கருவிகள்: குலசேகரத்துப் பழுதுநீக்கும் கடைகளும் அவற்றின் கைவினையும்

கன்னியாகுமரி மாவட்டத்தின் வடபகுதியில், பேச்சிப்பாறை அணைக்கும் திற்பரப்பு அருவிக்கும் அருகே ரப்பர் தோட்டங்கள் சூழ அமைந்துள்ள குலசேகரத்தில், கைபேசி விற்கும் கடைகளுக்கு இடையே ஒரு மேசையும் கண்ணாடித் தடுப்பும் மட்டுமே கொண்ட பழுதுநீக்கும் கடைகள் இயங்குகின்றன. இக்கடைகளுக்கு வரும் கருவிகளைக் ‘கைபேசி’ என்ற ஒரே சொல்லால் குறித்துவிட முடியாது. ஆசிரியரின் டேப்லெட், மாணவரின் பழைய ஸ்மார்ட்போன், சில்லறைக் கடையில் ரசீது அடிக்கும் கையடக்கக் கருவி என ஒரு கணினியின் வேலையைக் கையளவில் செய்யும் எல்லாமே அந்த மேசைக்கு வருகின்றன. உருவத்திலும் விலையிலும் வேறுபட்டாலும் இவை அனைத்தும் லித்தியம் அயனிப் பேட்டரியால் இயங்குவதாலும், மின்சாரம் உள்ளே செல்லும் பாதை எல்லாவற்றிலும் ஏறக்குறைய ஒன்றே என்பதாலும், ஒன்றைப் பழுதுபார்க்கக் கற்றவர் மற்றதையும் கையாள முடிகிறது.

‘சார்ஜ் கேறமாட்டேங்கு’ (ஏறமாட்டேன் என்கிறது) என்று சொல்லிக் கருவியை நீட்டும் வாடிக்கையாளர், பேட்டரி போய்விட்டது என்ற முடிவையும் பெரும்பாலும் உடன்கொண்டே வருகிறார். தேர்ந்த பழுதுநீக்குநரோ பேட்டரியைக் கடைசியாகவே சந்தேகிக்கிறார். சார்ஜர், கேபிள், கருவியின் வாய் எனப்படும் சார்ஜிங் பின், அதிலிருந்து உள்ளே செல்லும் நாடா போன்ற ஸ்ட்ரிப், மின்னோட்டத்தைக் கட்டுப்படுத்தும் ஐசி ஆகியவற்றைத் தாண்டிய பிறகே பேட்டரிக்கு மின்சாரம் போய்ச் சேருகிறது என்பதால், வெளியிலிருந்து உள்ளே செல்வதும், செலவில்லாத சோதனையை முதலிலும் பிரித்தெடுக்க வேண்டிய சோதனையைப் பின்னரும் செய்வதும் இத்தொழிலின் அடிப்படை ஒழுங்காக உள்ளன. இவ்வொழுங்கை எந்தப் பாடநூலும் கற்பித்ததாகத் தெரியவில்லை; மேசைக்கு அருகில் நின்று, ஸ்க்ரூ கழற்றிக் கொடுத்து, ‘அண்ணே’ என்று அழைத்துக் கேட்டுக் கேட்டுப் படித்தவர்களிடமே அது தங்கியிருக்கிறது.

1991இல் சோனி நிறுவனம் வணிகப் பயன்பாட்டுக்குக் கொண்டுவந்த லித்தியம் அயனிக் கலம், காலியாகும்போது ஏறத்தாழ 3 வோல்ட்டிலும் நிறையும்போது பொதுவாக 4.2 வோல்ட்டிலும் நிற்பது; இன்றைய கைபேசிகள் சிலவற்றில் மேல் எல்லை இதைவிடச் சற்றுக் கூடுதலாக உள்ளது. முதலில் மாறா மின்னோட்டத்தையும், மேல் எல்லையை எட்டிய பிறகு மாறா மின்னழுத்தத்தையும் கொடுத்து நிரப்ப வேண்டும் என்பது இக்கலத்தின் இயல்பு. எண்பது விழுக்காடு வரை விரைந்து ஏறிய கருவி அதன் பிறகு மந்தமாவது பழுதல்ல, அவ்வாறே அமைக்கப்பட்டது என்பதை வாடிக்கையாளருக்கு விளக்குவதிலேயே கடைக்காரரின் நேரத்தில் ஒரு பகுதி கழிகிறது. உறைநிலைக்குக் கீழும் ஏறத்தாழ 45 பாகை செல்சியசுக்கு மேலும் இக்கலத்தைச் சார்ஜ் செய்யலாகாது என்பதால், பேட்டரியின் வெப்பத்தை அளந்து சொல்லும் தெர்மிஸ்டர் என்ற சிறு மின்தடை இணைக்கப்பட்டிருக்கிறது; அதன் இணைப்பு அறுந்தாலும் பேட்டரி நல்ல நிலையில் இருக்கும்போதே கருவி சார்ஜ் ஏற மறுக்கும்.

மேசைமேல் முதலில் எடுக்கப்படும் கருவி, சார்ஜருக்கும் கேபிளுக்கும் இடையே செருகி வோல்ட்டையும் ஆம்பியரையும் திரையில் காட்டும் யூஎஸ்பி மீட்டர். அதில் மின்னோட்டம் பூஜ்யமாக நின்றால் பாதை எங்கோ அறுந்துள்ளது. ஓடுகிறது, ஆனால் மிகக் குறைவு என்றால் கேபிள் அல்லது வாய். அளவு சரியாக இருந்தும் விழுக்காடு உயரவில்லை என்றால் பழுது உள்ளே இருக்கிறது என்று முதல் ஊகம் அமைகிறது. ‘சார்ஜ் கேறும் அடையாளம் காட்டுது, ஆனா கேறல்ல’ என்று சொல்லப்படும் நிலையை இத்தொழிலில் ‘ஃபேக் சார்ஜிங்’ என்று அழைக்கின்றனர். மின்னல் குறி திரையில் தெரிவதற்குச் சார்ஜரின் மின்னழுத்தம் உணரப்பட்டாலே போதும், பேட்டரிக்குள் மின்னோட்டம் போக வேண்டியதில்லை என்பதால், அக்குறியை நம்பக் கூடாது என்பது கற்றுக்கொள்ளும் பையனுக்குத் தொடக்கத்திலேயே சொல்லப்படும் பாடம்.

கேபிளால் வரும் பழுது எண்ணிப் பார்ப்பதைவிடக் கூடுதலானது. மெல்லிய செம்பு இழைகள் கொண்ட மலிவான கேபிளின் போகவர மின்தடை 0.4 ஓம் என்று கொண்டால், 2 ஆம்பியர் பாயும்போது 0.8 வோல்ட் வழியிலேயே வீணாகி, சார்ஜரிலிருந்து கிளம்பிய 5 வோல்ட் கருவியை அடைகையில் 4.2 ஆகக் குறைந்துவிடுகிறது. அதைக் கண்டுகொள்ளும் உள்ளிருக்கும் ஐசி, தானாகவே மின்னோட்டத்தைத் தணித்துக்கொள்கிறது. இவற்றோடு, சில நிறுவனங்களின் வேகச் சார்ஜிங் முறை தங்கள் சார்ஜரையும் தங்கள் கேபிளையும் அடையாளம் கண்டாலன்றி முழு வேகத்தைத் தருவதில்லை என்பதும் சேர்வதால், ‘மெதுவா ஏறுது’ என்ற புகாரில் கருவிக்கே சம்பந்தமில்லாத காரணம் அடிக்கடி ஒளிந்திருக்கிறது.

சார்ஜிங் பின்னே இத்தொழிலின் மையம். டைப்-சி வாயில் இருபுறமும் பன்னிரண்டு என 24 தொடுமுனைகள் உள்ளன. சட்டைப் பையிலும் இடுப்பு மடிப்பிலும் சேரும் பஞ்சுத்தூசி நாளடைவில் அதன் அடியில் அழுந்தி இறுகிவிடுவதால், கேபிளின் முனை முழு ஆழத்துக்கு இறங்காமல் தளர்ந்து நிற்கிறது; உலோகம் படாத மெல்லிய பிளாஸ்டிக் முனையால் அதைக் கிளறி எடுத்தாலே பல கருவிகள் சரியாகிவிடுகின்றன. கேபிளை எந்தப் பக்கம் திருப்பிச் செருகினால் சார்ஜ் ஏறுகிறது என்று பார்ப்பது எளிய, ஆனால் நுட்பமான சோதனையாகும். ஒரு பக்கம் மட்டும் ஏறினால், எதிர் முனையில் யார் இருக்கிறார் என்பதைச் சார்ஜருக்குத் தெரிவிக்கும் சிசி என்ற இரு தொடுமுனைகளில் ஒன்று அழுக்காகவோ முறிந்தோ இருக்கலாம் என்று கொள்ளப்படுகிறது. பழைய அகன்ற செருகுவாய் கொண்ட சார்ஜரில் ஏறும் கருவி, இருமுனையும் டைப்-சி ஆன கேபிளில் ஏறாமல் போவதற்கும் இதே காரணம் உண்டு. முன்னது மின்சாரத்தை எப்போதும் தருகிறது, பின்னது அந்தச் சிசி சைகை கிடைத்த பிறகே தருகிறது. இந்த வேறுபாட்டை அறியாத வாடிக்கையாளர் சார்ஜர்களை ஒவ்வொன்றாக மாற்றிப் பார்த்துக் களைத்த பிறகே கடைக்கு வருகிறார்.

மழையைச் சொல்லாமல் இவ்வூரின் தொழிலைச் சொல்ல முடியாது. தென்மேற்குப் பருவமழையும் வடகிழக்குப் பருவமழையும் இம்மாவட்டத்துக்குக் கிடைப்பதோடு, மரத்தின் உள் அழுத்தம் மிகுந்து பால் நன்கு வடியும் விடியற்காலைப் பொழுதில் ரப்பர் மரங்களுக்கிடையே பால்வெட்டுத் தொழிலாளர்கள் இயங்குவதால், வியர்வையும் ஈரமும் அவர்களது கைபேசியை விட்டு நீங்குவதில்லை. வாய்க்குள் ஈரமிருக்கும்போதே சார்ஜரைச் செருகினால், மின்னழுத்தம் நின்றுள்ள தொடுமுனை மின்பகுப்பால் வெகுவிரைவாக அரிக்கப்பட்டுப் பசுமை கலந்த உப்புப் படிகிறது. புதிய கருவிகள் ஈரத்தை உணர்ந்து சார்ஜை நிறுத்தித் துளிக் குறியைக் காட்டினாலும், அதை மீறி வேறு சார்ஜரில் செருகிப் பார்ப்பதே வழக்கமாக இருக்கிறது. நனைந்த கைபேசியை அரிசியில் புதைக்கும் பழக்கத்தைப் பழுதுநீக்குநர்கள் விரும்புவதில்லை. வாய்க்குள் அரிசித் தூள் நுழைகிறது, உள்ளிருக்கும் ஈரமோ போவதில்லை. ஆப்பிள் நிறுவனமே 2024இல் அரிசியில் வைக்க வேண்டாம் என்று அறிவுறுத்தியது. உடனே அணைத்து, இயன்றால் பேட்டரி இணைப்பைக் கழற்றி, ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலால் துடைத்து உலர்த்துவதே முறை; வாடிக்கையாளர் வந்து சேர்வது பெரும்பாலும் அதற்கெல்லாம் பிறகுதான்.

மற்றவை எல்லாம் தேறிய பின்னரே பேட்டரி கழற்றப்படுகிறது. உள்ளே வாயு திரண்டு ஊதிப்போன பேட்டரியைக் கண்டால் வேறு சோதனைக்கே இடமில்லை. குத்தாமல், வளைக்காமல், பசையை மெல்ல இளக்கி அகற்ற வேண்டும், அதை மீண்டும் பயன்படுத்தலாகாது. மாதக்கணக்கில் பயன்படுத்தாமல் வைத்த கருவியின் கதை வேறு: மின்னழுத்தம் தாழ்ந்ததும் பேட்டரியின் தலைப்பகுதியில் உள்ள பாதுகாப்புச் சுற்று தன்னைத் துண்டித்துக்கொள்வதால், மல்டிமீட்டரில் பூஜ்யம் காட்டும் பேட்டரி உண்மையில் செத்துப்போகாமலும் இருக்கக்கூடும். குறைந்த மின்னோட்டத்தைக் கொடுத்து அதை எழுப்ப இயலும் என்றாலும், மிகவும் தாழ்ந்து நெடுநாள் கிடந்த கலத்தை எழுப்புவது ஆபத்து என்பதை நல்ல பழுதுநீக்குநர் வாடிக்கையாளரிடம் சொல்லியே செய்கிறார். திரையில் தெரியும் விழுக்காடு ஓர் ஊகக் கணக்கு மட்டுமே. உள்ளும் புறமும் சென்ற மின்னோட்டத்தை எண்ணிக் கருவி அதைக் கணிக்கிறது. உள்மின்தடை ஏறிய பழைய பேட்டரி இருபது விழுக்காட்டிலேயே அணைந்துபோவது அதனால்தான். சந்தையில் கிடைக்கும் போலிப் பேட்டரிகளில் அச்சிட்ட கொள்ளளவு உண்மைக்கு வெகுதூரமானது என்பதைக் கடைக்காரர்கள் அறிந்தே இருக்கிறார்கள். எனினும், மலிவையே கேட்கும் வாடிக்கையாளருக்கு அதையே விற்க நேர்கிறது, இதில் அவர்களை மட்டும் குறைசொல்வது நியாயமாகாது.

மதர்போர்டுக்குள் நுழைந்த பிறகு வேலை வேறு வகையாகிறது. மின்னழுத்தத்தையும் ஓட்டத்தையும் கட்டுப்படுத்தித் தரும் மேசைச் சப்ளையில் பேட்டரிக்குப் பதிலாகப் போர்டை இணைத்து, பவர் பட்டனை அழுத்தும் முன்பே ஆம்பியர் முள் நகர்ந்தால் எங்கோ ஷார்ட் உள்ளது என்று அறிகின்றனர். ஷார்ட்டான மணலளவு கெப்பாசிட்டரைத் தேட, ரோசின் புகையைப் போர்டின்மேல் படியவிட்டு, மெல்லிய வெள்ளைப் படலம் எந்த இடத்தில் முதலில் உருகித் தெளிவாகிறது என்று உற்றுநோக்குவது இத்தொழிலின் மிக அழகான உத்தி. போர்டின் சுற்று வரைபடம் இல்லாமல் இத்தகைய வேலையைச் செய்வது கடினம்; தயாரிப்பாளர்கள் அதை வெளியிடாததால், சீனாவிலும் இந்தோனேசியாவிலும் தொகுக்கப்பட்டுக் கட்டணத்துக்குக் கிடைக்கும் மென்பொருள்களையே கடைக்காரர்கள் நம்பியிருக்கின்றனர். 2022 டிசம்பரில் ஒன்றிய அரசின் நுகர்வோர் விவகாரத் துறை தொடங்கிய பழுதுநீக்கும் உரிமைக்கான இணையதளம் நிறுவனங்களின் சேவை விவரங்களை ஓரிடத்தில் திரட்டியது நல்ல தொடக்கமே, ஆனால் குறுநகர மேசைக்குத் தேவை அதைவிட நுணுக்கமான தகவல்.

நியாயவிலைக் கடையின் விற்பனைக் கருவியும் அரசுப் பேருந்து நடத்துநரின் டிக்கெட் கருவியும் இந்த மேசைகளுக்குப் பொதுவாக வருவதில்லை. அவற்றின் பராமரிப்பு ஒப்பந்தத்துக்கு உட்பட்டது என்பதால், கையெட்டும் தொலைவில் திறமை இருந்தும் அவை வேறிடம் போய்த் திரும்புகின்றன. மின்னணுக் குடும்ப அட்டை 2017இல் தமிழ்நாட்டில் வழங்கப்பட்ட பிறகு நியாயவிலைக் கடைக் கருவி சார்ஜ் இழந்தால் வரிசையே நின்றுபோகும் நிலை வந்துவிட்டதை எண்ணும்போது, தூசி அகற்றுவது, கேபிள் மாற்றுவது போன்ற முதல்நிலைச் சோதனைகளையாவது உள்ளூரில் செய்ய ஒப்பந்தங்களிலேயே இடமளிப்பது பொருத்தமாகும்.

எல்லாவற்றுக்கும் மேலாக, இக்கடைகளில் விலை வைக்கப்படுவது பொருளுக்கே தவிர, கண்டறிவதற்கு அல்ல. பேட்டரி மாற்றினால் பணம் கொடுக்கத் தயங்காத வாடிக்கையாளர், அரைமணி நேரம் அளந்துபார்த்துத் தூசியை மட்டும் எடுத்துக் கொடுத்தால் ‘இதுக்கா காசு?’ என்று கேட்கிறார். நேர்மையாகக் கண்டறிந்தவர் குறைவாகவும், பேட்டரியை மாற்றிக் கொடுத்தவர் அதிகமாகவும் ஈட்டும் வினோதம் இதனால் விளைகிறது. பார்த்துச் சொல்வதற்கென்று ஒரு சிறு தொகையை முன்பே வாங்கி, வேலை நடந்தால் கூலியில் கழித்துக்கொள்ளும் முறையை மதர்போர்டு வேலைக்கு வாடிக்கையாளர்கள் ஓரளவு ஏற்கின்றனர், சார்ஜிங் பின்னுக்கு இன்னும் ஏற்பதில்லை.