அழுமூஞ்சிப் பாட்டு இல்லீங்க!

எல்லாரும் ரஹ்மான், யுவன் என்று எழுதுகிறீர்கள். நான் கொஞ்சம் தூரமாக, இங்கிலாந்து வரைக்கும் போய்வரலாம்னு இருக்கேன். ரேடியோஹெட் என்று ஒரு ராக் குழு. "அந்த அழுமூஞ்சிப் பாட்டா?" என்று எங்க வகுப்புல பாதிப் பேர் கேட்டாச்சு. அவங்களுக்காகத்தான் இந்தக் கட்டுரை.

இவங்களும் நம்மள மாதிரி ஒரு பள்ளிக்கூடத்துலதான் ஆரம்பிச்சாங்க. ஆக்ஸ்ஃபோர்டு பக்கத்துல அபிங்டன் என்ற ஊர். 1985-இல் ஸ்கூல் மியூசிக் ரூமில் வெள்ளிக்கிழமைதோறும் பிராக்டீஸ். அதனால் குழுவுக்கு முதலில் வைத்த பெயரே 'ஆன் எ ஃப்ரைடே'. (நல்லவேளை, 1991-இல் மாத்திட்டாங்க!) தாம் யார்க் பாடுபவர். ஜானி கிரீன்வுட், அவர் அண்ணன் காலின், எட் ஓ'பிரையன், ஃபில் செல்வே மத்த நாலு பேர். ஜானிதான் கடைக்குட்டி. சேர்ந்த புதுசில் பயத்துல கீபோர்டை ஆஃப் பண்ணி வச்சுட்டே மாசக்கணக்கா வாசிச்சாராம். மத்தவங்க, "நீ வாசிக்கிறது தனியா கேட்கலை, ஆனா பாட்டு நல்லா இருக்கு"ன்னு சொன்னாங்களாம்! இதை அவரே ஒரு பேட்டியில் சொல்லியிருக்கார்.

இவங்க பாட்டுகளை வரிசையா கேட்டா சில விஷயங்கள் திரும்பத் திரும்ப வரும். முதல் விஷயம், 'நான் இந்த இடத்துக்கு உரியவன் இல்லை' என்கிற நினைப்பு. 1992-இல் வந்த 'கிரீப்' பாட்டு முழுக்க அதுதான். யார்க் பிறக்கும்போதே இடது கண் மூடியிருந்தது. ஆறு வயசுக்குள்ள அஞ்சு ஆபரேஷன். கண்ணில் துணி ஒட்டிக்கிட்டு ஸ்கூலுக்குப் போய் கேலி வாங்கினவர். அதனால்தான் அந்தப் பாட்டு எழுதினார் என்று நான் சொல்ல வரலை. ஆனா ஓரமா நிக்கிற பையன் எப்படி மூச்சு விடுவான்னு தெரிஞ்ச ஆள் எழுதின பாட்டு அது. பாட்டு உலகம் பூரா ஹிட் ஆனதும் இவங்களுக்கே அலுத்துப் போய் பல வருஷம் மேடையில் ஒதுக்கி வச்சாங்க என்பது தனிக்கதை.

ரெண்டாவது, வண்டி. இதைப் பற்றித்தான் எனக்கு நிறைய எழுதணும். 1987-இல் யார்க் ஒரு கார் விபத்தில் சிக்கித் தப்பினார். அதுக்கப்புறம் கார் அவரை விடவே இல்லை. 1992-இல் 'ஸ்டுபிட் கார்', 1995-இல் 'கில்லர் கார்ஸ்', 1997-இல் 'ஓகே கம்ப்யூட்டர்' ஆல்பத்தின் முதல் பாட்டே 'ஏர்பேக்'. அதே ஆல்பத்தில் இருக்கிற 'கர்மா போலீஸ்' வீடியோவில் ராத்திரி ரோட்டுல ஒருத்தன் ஓடுவான், பின்னாடி ஒரு கார் மெதுவா துரத்திக்கிட்டே வரும். பயம்னா அப்படி ஒரு பயம்.

எங்க அப்பா லாரி டிரைவர். போன வருஷம் ஒருநாள் ராத்திரி, முன்னால் போன வண்டி திடீர்னு பிரேக் போட, அப்பா ஸ்டியரிங்கை ஒடிக்க, லாரி ரோட்டை விட்டு இறங்கி பள்ளத்துல சாஞ்சிடுச்சு. கேபின் கண்ணாடி தூள் தூள். அப்பாவுக்கு முழங்கையில் நாலு தையல், அவ்வளவுதான். மறுநாள் வீட்டுக்கு வரும்போது இடிஞ்சு போய் வருவார்னு நாங்க எல்லாரும் வாசல்ல நிக்கிறோம். அவர் கையில மல்லிகைப்பூவும் அரைக்கிலோ ஜிலேபியும்! ராத்திரி பூரா பேசிக்கிட்டே இருந்தார். ரெண்டு வருஷமா பேச்சுவார்த்தை இல்லாத சித்தப்பாவுக்குப் போன் போட்டு "சாப்பிட்டியாடா?"ன்னு கேட்டார். அம்மாவுக்கு ஒரே கோபம். "உசுரு போயிருக்கும், இந்த மனுஷனுக்குச் சிரிப்பைப் பாரு" என்று அழுதாங்க. எனக்கும் அப்பாவைப் புரியலை.

அதுக்குச் சில மாசம் கழிச்சு, கோயம்புத்தூர்ல காலேஜ் படிக்கிற மாமா பையன் என் போன்ல ஏத்திக் கொடுத்த பாட்டுகளில் 'ஏர்பேக்' கேட்டேன். விபத்துல பிழைச்ச ஒருத்தன் பாடுறான். ஆனா அழலை. புதுசாப் பிறந்தவன் மாதிரி, இனிமே எதையும் செய்யலாம் என்கிற மாதிரி பாடுறான். டிரம்ஸ் அடியைக் கம்ப்யூட்டர்ல வெட்டி வெட்டி ஒட்டியிருக்காங்க. நெஞ்சு படபடன்னு அடிச்சு நடுவுல நின்னு திரும்ப அடிக்கிற மாதிரி இருக்கும். ஜிலேபிப் பொட்டலத்தோட வந்த அப்பா முகம் எனக்கு அப்பத்தான் விளங்கிச்சு.

இதே ஆல்பத்தின் கடைசிப் பாட்டு 'தி டூரிஸ்ட்'. அவசரத்தில் ஓடுறவனை நிதானமா போகச் சொல்ற பாட்டு. முதல் பாட்டுல விபத்து, கடைசிப் பாட்டுல மெதுவாப் போ! முடிவில் 'டிங்' என்று ஒரே ஒரு மணிச் சத்தம். அப்பாவுக்குப் போட்டுக் காட்டினேன். ரெண்டு நிமிஷம் கேட்டுட்டு, "பாட்டு எப்பப்பா ஆரம்பிக்கும்?" என்றார். மணிச் சத்தம் வந்ததும், "கிளீனர் பையன் தட்டுற மாதிரி இருக்கு" என்றார். இந்த விமர்சனம் எந்தப் பத்திரிகையிலும் வந்திருக்காது.

மூணாவது, மனுஷன் மெஷின் ஆகிறது. 'ஃபிட்டர் ஹேப்பியர்'ல யாரும் பாடவே மாட்டாங்க. ஒரு மேக் கம்ப்யூட்டரின் குரல், நல்ல பிள்ளையா வாழ்றது எப்படின்னு ஒரு லிஸ்ட் வாசிக்கும். உடற்பயிற்சி, பொறுமை, எல்லாம் நல்ல விஷயம்தான். ஆனா கேட்கக் கேட்க வயித்தைப் பிசையும். அன்னிக்கு என் ரூம் சுவத்துல ஒட்டியிருந்த டைம் டேபிளை (4.30 எழுதல், 4.45 கெமிஸ்ட்ரி...) அதே குரலில் மனசுக்குள்ள படிச்சுப் பார்த்தேன். கிழிக்கலை, அம்மா இருக்காங்களே! ஞாயித்துக்கிழமை சாயந்திரக் கட்டத்தின் மேல் மட்டும் ஒரு வெள்ளைத்தாளை ஒட்டிட்டேன். 2003-இல் '2+2=5' என்றே ஒரு பாட்டு போட்டாங்க. கணக்கு சார் கோவிச்சுக்கக் கூடாது. அது ஜார்ஜ் ஆர்வெல்லின் '1984' நாவலில் இருந்து எடுத்தது. மேலே இருக்கிறவன் சொல்லிட்டா தப்பும் சரிதான்னு தலையாட்டுறதைப் பற்றி.

அப்புறம் தண்ணீர், காணாமல் போவது. 'நோ சர்ப்ரைசஸ்' வீடியோவில் யார்க் தலையைச் சுத்தி ஒரு கண்ணாடிக் கூண்டு, அதில் தண்ணீர் ஏறிக்கிட்டே வரும். பாட்டு என்னவோ தாலாட்டு மாதிரி! 2000-இல் வந்த 'ஹவ் டு டிஸப்பியர் கம்ப்ளீட்லி' பாட்டுக்குப் பின்னால் ஒரு கதை இருக்கு. ஊர் ஊராப் போய்ப் பாடி யார்க் மனசு உடைஞ்சு கிடந்தப்போ, ஆர்.ஈ.எம். குழுவின் மைக்கேல் ஸ்டைப், 'நீ அங்க இல்லைன்னு உனக்கு நீயே சொல்லிக்கோ' என்ற மாதிரி யோசனை சொன்னார். அதுவே பாட்டாச்சு. டப்ளின் ஊர் ஆத்து மேல மிதந்து போற கனவும் அதில் சேர்ந்தது.

இங்கிலீஷ் மிஸ் கேட்டாங்க, "இதையே கேட்டா மனசு இன்னும் கெட்டுப் போகாதா?" நியாயமான கேள்வி. அப்பா வண்டி ராத்திரி ஓடுற நாள்ல நான் 'எல்லாம் நல்லா இருக்கு' வகைப் பாட்டும் போட்டுப் பார்த்தேன். பொய் சொல்ற மாதிரி இருந்துச்சு. இவங்க பாட்டு பயத்தைப் பயம்னே சொல்லுது. கேட்டு முடிச்சா தூக்கம் வருது மிஸ், நிஜமா. அம்மா மட்டும் முழிச்சிருப்பாங்க, போன் வர்ற வரைக்கும்.

அன்பைப் பற்றிப் பாட்டே இல்லையான்னு கேட்கறவங்களுக்கு, 'ட்ரூ லவ் வெயிட்ஸ்'. 1995-இல் கித்தாரோட மேடையில் பாடினது. ஸ்டூடியோவில் பதிவாகி 2016-இல்தான் ஆல்பத்துல வந்தது, பியானோவோட, ரொம்ப மெதுவா. மேடைப் பதிவில் கெஞ்சல் இருக்கும். பியானோவில் கெஞ்சுறதுக்குக்கூடத் தெம்பு இல்லாத குரல். ரெண்டையும் அடுத்தடுத்துக் கேளுங்க.

புதுசா கேட்கறவங்க 'நோ சர்ப்ரைசஸ்'ல ஆரம்பிக்கலாம். அடுத்து 'ஏர்பேக்', 'தி டூரிஸ்ட்'. எடுத்த எடுப்பில் 'கிட் ஏ' பக்கம் போகாதீங்க, தலை தெறிக்க ஓடிடுவீங்க! பாட்டு வேணும்னா இடைவேளையில் வாங்க, ஹெட்செட் ஒண்ணுதான் இருக்கு, ஆளுக்கொரு காது.

– பதினோராம் வகுப்பு, 'ஆ' பிரிவு