பன்னிரண்டின் கட்சிக்காரிக்கு

கும்பகோணம்,
ஞாயிற்றுக்கிழமை.

அன்புள்ள கயல்,

கணித மன்றத்தில் வாசிக்க நீ எழுதிய கட்டுரையைப் படித்தேன். நன்றாகவே வந்திருக்கிறது. ஆனால் எண்ணுவதற்கு உலகம் பத்தை விட்டுவிட்டுப் பன்னிரண்டுக்கு மாறியே ஆக வேண்டும் என்று முடித்திருக்கிறாயே, அந்த இடத்தில் உன் பெரியம்மாவுக்குச் சண்டை போட ஆசை வந்துவிட்டது. போனில் சொன்னால் பாதியிலேயே குறுக்கே பேசுவாய். அதனால்தான் கடிதம்.

உன் பக்கத்து நியாயத்தை முதலில் ஒப்புக்கொள்கிறேன். 12ஐ 2, 3, 4, 6 நான்கும் மீதமில்லாமல் வகுக்கும். 10க்கு 2, 5 இரண்டுதான். மூன்றில் ஒரு பங்கு பத்தடிமானத்தில் 0.333... என்று ஓடிக்கொண்டே இருக்கும், பன்னிரண்டில் 0.4 என்று நின்றுவிடும். அமெரிக்காவில் எமர்சன் ஆண்ட்ரூஸ் 1935இல் இதற்காக ஒரு புத்தகமே எழுதினார். 1944இல் பன்னிரண்டுக்கென்று ஒரு சங்கமும் அமைந்தது. இதெல்லாம் உன் கட்டுரையிலேயே இருக்கிறது. இல்லாதது ஐந்தில் ஒன்று. அதைப் பன்னிரண்டடிமானத்தில் எழுதிப் பார்: 0.24972497... முடியவே முடியாது. ஐந்திடமிருந்து பிடுங்கித்தான் மூன்றுக்குக் கொடுத்திருக்கிறாய்.

பள்ளியில் படித்த விதிதான். சுருக்கிய பின்னம் ஒன்று முடிவுற வேண்டுமானால், அதன் பகுதியிலுள்ள பகாக் காரணிகள் எல்லாம் அடிமானத்திலும் இருக்க வேண்டும். ஆகவே அடிமானத்தைத் தேர்ந்தெடுப்பது என்றால், எந்தெந்தப் பங்கு சுத்தமாகப் பிரிய வேண்டும் என்று முடிவு செய்வது. எல்லாப் பங்கும் பிரிகிற அடிமானம் கிடையாது.

பாபிலோனியர்கள் 60ஐ எடுத்துக்கொண்டார்கள். 2, 3, 5 மூன்றும் அதற்குள் அடக்கம். 1, 60 உட்பட மொத்தம் 12 வகுத்திகள். அவர்கள் களிமண் பலகைகளில் எழுதிவைத்த தலைகீழ் எண் வாய்பாடுகளில் பொதுவாக ஏழுக்கு இடமில்லை. ஏழு அங்கேயும் அடங்காது. 60க்குக் கொடுத்த விலையும் உண்டு. 59 இலக்கங்களுக்குத் தனித்தனிக் குறி வைத்தால் யாரால் நினைவில் வைக்க முடியும்? ஒன்றுக்கு ஒரு குறி, பத்துக்கு ஒரு குறி என்று இரண்டை வைத்துக்கொண்டே 59 வரை எழுதினார்கள். அறுபதுக்குள்ளும் பத்துதான் வேலை செய்தது.

நம் வீட்டுக் கணக்குக்கு வருவோம். உன் கட்டுரையில் இது இல்லாததுதான் எனக்கு வருத்தம். எண்சுவடியில் மா என்றால் இருபதில் ஒன்று, காணி எண்பதில் ஒன்று, முந்திரி 320இல் ஒன்று. 320ஐப் பிரித்துப் பார்: ஆறு இரண்டும் ஓர் ஐந்தும். மூன்று கிடையாது. நெல் அளந்த கணக்கோ வேறு. இரண்டு ஆழாக்கு ஓர் உழக்கு, இரண்டு உழக்கு ஓர் உரி, இரண்டு உரி ஒரு நாழி, எட்டு நாழி ஒரு குறுணி. அங்கிருந்து பதக்கு, தூணி என்று மறுபடி இரட்டிப்பு. கடைசியில் மூன்று தூணி ஒரு கலம், அதாவது பன்னிரண்டு குறுணி. இங்கே மூன்று உண்டு. பின்னத்துக்கு ஒரு கட்டு, நெல்லுக்கு இன்னொரு கட்டு. எண்ணிச் சொல்வதென்றால் இரண்டுக்குமே பத்து, நூறு, ஆயிரம்தான்.

உன் தாத்தா காலத்து ரூபாயும் அப்படித்தான். ரூபாய்க்கு 16 அணா, அணாவுக்கு 12 பை, ஆக 192 பை. ஒரு ரூபாயை மூன்று பேர் பங்கு போட்டால் தலைக்கு ஐந்து அணா நாலு பை, மீதம் இல்லை. ஐந்து பேர் வந்தால் வம்பு. 1957 ஏப்ரல் 1 முதல் ரூபாய்க்கு நூறு நயா பைசா ஆனதும் நிலைமை தலைகீழ். ஓர் அணா ஆறேகால் பைசா. கடைக்காரர்கள் மாற்று அட்டவணையைப் பார்த்து ஓர் அணாவுக்கு 6, மூன்று அணாவுக்கு 19 என்று முழுமையாக்க வேண்டியிருந்தது. அம்பது பைசாவை இன்னும் எட்டணா என்கிறவர்கள் இருக்கிறார்கள். நாணயம் மாறியதற்கே இவ்வளவு. நீயோ எழுத்து, வாய்பாடு, எண்களின் பெயர் எல்லாவற்றையும் மாற்றச் சொல்கிறாய்.

பிரான்சில் புரட்சிக்காரர்கள் பத்தின் மேல் இருந்த மோகத்தில் 1793இல் நாளையே பத்து மணியாக, மணியை நூறு நிமிடமாக வெட்டினார்கள். 1795இலேயே அதைக் கட்டாயப்படுத்துவதை நிறுத்திவிட்டார்கள். அதே நாட்டில் பிறந்த மீட்டரும் கிலோகிராமும் உலகம் முழுக்கப் பரவின. கடிகாரத்தில் மட்டும் அறுபது அசையவில்லை.

கணினிக்கு இரண்டைக் கொடுத்ததற்குப் பங்குக் கணக்கு காரணமில்லை. மின்சுற்று இரண்டு நிலைகளைத்தான் தடுமாறாமல் பிரித்தறியும், அவ்வளவுதான். இருந்தும் எனியாக் என்ற பழைய கணினி பத்தில் எண்ணியது. மாஸ்கோ பல்கலைக்கழகத்தில் 1958இல் புருசென்த்சோவ் குழுவினர் செதூன் என்ற கணினியை மூன்றில் கட்டினார்கள். ஏறத்தாழ 50 தயாரானதோடு நின்றுபோனது. வென்றது இரண்டு. ஆனால் அதற்குள் ஐந்து இல்லாததால் பத்தில் ஒன்று அங்கே முடியாத பின்னம். வளைகுடாப் போரில் சவுதி அரேபியாவின் தஹ்ரானில் இருந்த பேட்ரியட் ஏவுகணை அமைப்பு நேரத்தைப் பத்தில் ஒரு நொடியாக எண்ணியது. அந்தப் பின்னத்தை 24 பிட்டில் வெட்டி வைத்திருந்தார்கள். நூறு மணி நேரம் ஓடியதில் 0.34 நொடி பிசகிவிட்டது. 1991 பிப்ரவரி 25 அன்று வந்த ஸ்கட் ஏவுகணையை அது தவறவிட்டது; 28 அமெரிக்கப் படையினர் இறந்தார்கள். பணக் கணக்கில் இந்தப் பிசகு வரக்கூடாது என்றுதான் இரண்டில் ஓடும் இயந்திரத்துக்குள்ளேயே பத்தடிமானக் கணக்குக்கும் தனி ஏற்பாடு வைத்திருக்கிறார்கள்.

இதைத்தான் சொல்ல வந்தேன், கயல். எண்ண ஒன்று, பங்கு போட ஒன்று, இயந்திரத்துக்கு ஒன்று என்று பல அடிமானங்களை வைத்துக்கொண்டுதான் உலகம் பிழைக்கிறது. பன்னிரண்டு முட்டாள்தனம் என்று நான் சொல்லவில்லை. டஜனாகவும் கலமாகவும் அது இருக்க வேண்டிய இடத்தில் இருந்திருக்கிறது. சிம்மாசனத்தில் ஒருவரைத்தான் உட்கார வைக்க வேண்டும் என்ற உன் பிடிவாதம்தான் எனக்குப் பிடிக்கவில்லை. கடைசிப் பத்தியை மாற்றி எழுது. எந்த அடிமானம் சிறந்தது என்ற கேள்வியை எடுத்துவிட்டு, எந்த வேலைக்கு எது, அதற்கு என்ன விலை என்று கேள். மன்றத்தில் யாராவது எழுந்து ஐந்தில் ஒன்றைப் பற்றிக் கேட்டாலும் உன்னிடம் பதில் இருக்கும்.

அம்மாவை மூட்டு வலிக்குத் தைலத்தோடு நிறுத்தாமல் டாக்டரைப் பார்க்கச் சொல். பொங்கலுக்கு வரும்போது திருத்திய பிரதியைக் கொண்டு வா.

அன்புடன்,
பெரியம்மா

பி.கு.: ஏழில் ஒன்று பத்திலும் சரி, பன்னிரண்டிலும் சரி, ஆறு இலக்கம் போய்த்தான் திரும்புகிறது. எட்டடிமானத்தில் என்ன ஆகிறது? கால்குலேட்டரைத் தொடாமல் போட்டுப் பார்த்து, ஏன் அப்படி என்றும் எழுது.