கண்டி அரசியின் தோடு எங்கே போனது?

கினிகத்தேனைப் பக்கத் தோட்டங்களில் வயதானவர்களோடு உட்கார்ந்தால் கண்டி ராசாவின் புதையல் பேச்சுக்கு வந்துவிடும். ராசா ஓடும்போது நகைகளை மலைக்குள் புதைத்துவிட்டுப் போனார் என்பார்கள். பூசை போட்டுத் தோண்டியவர்களைப் பொலிஸ் பிடித்த செய்தியும் அவ்வப்போது பத்திரிகையில் வரும். எனக்கு மண்வெட்டியில் நம்பிக்கை இல்லை. அந்த நகை கைமாறிய வழியைப் பழைய ஏடுகளில் தேடிப் பார்க்கத் தொடங்கினேன்.

தேடல் 1815 பெப்ரவரி 18இல் போய் நின்றது. பிரித்தானியப் படை கண்டியைப் பிடித்துவிட்டது. ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன் மெதமகாநுவரப் பக்கம் ஒரு வீட்டில் மனைவியரோடு ஒளிந்திருந்தார். மதுரை நாயக்கர் வழியில் வந்தவர். அரசராகும் முன் கண்ணுசாமி என்பது பெயர். எக்னெலிகொட என்ற சபரகமுவத் தலைவனின் ஆட்கள் வீட்டை உடைத்து, அரசரைக் கொடியால் கட்டி இழுத்தார்கள். அரசிகளின் மேலிருந்த நகைகளைப் பறித்தார்கள். அப்போது உடனிருந்த மொழிபெயர்ப்பாளர் தயஸ் பண்டாரநாயக்க எழுதி வைத்த விவரத்தில், காதணியைப் பிய்த்து இழுத்ததில் அரசிகளின் காது கிழிந்து இரத்தம் வடிந்ததாக இருக்கிறது.

அந்த இடத்தைத் தாண்டிப் படிக்க எனக்கு நேரம் பிடித்தது. என் அம்மாயி தண்டட்டி போட்டவர். அவசரத்துக்கு அதை அடகுக்கடைக்குக் கொடுத்துவிட்டு வெறும் காதோடு மலைக்குக் கொழுந்தெடுக்கப் போனதை அம்மா சொல்லியிருக்கிறார். தானாகக் கழற்றிக் கொடுத்ததற்கே அத்தனை துக்கம். நகை பறித்த அந்தக் கூட்டத்துக்கும் அரசர்மேல் கோபம் இருந்தது என்பதை மறைக்க மாட்டேன். முந்தைய ஆண்டுதான் அரசர், தன்னை எதிர்த்த தலைவர் எகலப்பொலவின் மனைவி மக்களைக் கொடூரமாகக் கொன்றிருந்தார். அதற்கு அரசிகளின் காது என்ன பாவம் செய்தது?

பறித்தவன் கையில் போன தோட்டுக்கு ரசீது கிடையாது. ஒருநாள் தட்டான் பட்டறையில் உருகியிருக்கும். அரண்மனைப் பொருள்களின் வழி வேறு. பிடிபட்ட சொத்தை விற்றுப் படைக்குப் பங்கு பிரிப்பது அன்றைய பிரித்தானியப் படையின் வழக்கம். சிம்மாசனமும் முடியும் இங்கிலாந்து அரச குடும்பத்துக்குப் போயின. ஆளுநர் பிரவுன்ரிக் தன் குலச் சின்னத்திலேயே கண்டியின் முடியையும் செங்கோலையும் பொறித்துக்கொள்ள அனுமதி பெற்றார். மீதியில் ஒரு பகுதி 1820 ஜூனில் லண்டன் கொவென்ட் கார்டனில், தோமஸ் கிங் என்பவரின் ஏலக்கூடத்துக்கு வந்தது. 'கண்டி அரசரின் அரச ஆபரணங்கள்' என்று அதற்கென்று ஓர் அட்டவணையே அச்சடித்தார்கள். அதுவரை படைக்கொள்ளையாக இருந்தது அந்தச் சுத்தியல் விழுந்ததும் வாங்கியவரின் சட்டபூர்வச் சொத்தாகிவிட்டது.

ஒரு கல்லை மட்டும் இன்னும் கொஞ்ச தூரம் தொடர முடிந்தது. ஒன்றரை அங்குல அகலமுள்ள வைடூரியம். ஹோப் வைரத்துக்குப் பெயர் தந்த ஹென்றி பிலிப் ஹோப்பின் சேகரிப்பில் அது இருந்தது. 1839இல் அச்சான அவரது சேகரிப்பு அட்டவணை, அது கண்டி அரசரிடமிருந்து வந்தது என்றே சொல்கிறது. சிவனொளிபாத மலைக்கு அந்தப்புறம் இரத்தினபுரி மண்ணில் மாணிக்கம் அகழும் உரிமை கண்டி அரசருக்கே இருந்தது. அந்த உரிமையின் மிச்சம் ஒரு லண்டன் பணக்காரரின் பெட்டியில் போய் உட்கார்ந்தது.

அரசரை 1816 ஜனவரியில் கப்பலேற்றி வேலூருக்கு அனுப்பினார்கள். 1832 ஜனவரி 30இல் அங்கேயே இறந்தார். சமாதி பாலாற்றங்கரையில் இருக்கிறது. அவர் வேலூரில் சிறையிருந்த காலத்திலேயே, 1820களில், கோப்பித் தோட்டத்துக்கென்று தமிழ்நாட்டிலிருந்து எங்கள் ஆட்களை அவருடைய மலைகளுக்குக் கூட்டிவரத் தொடங்கிவிட்டார்கள். மலையகத்தாரின் வரலாற்றில் இந்த இரண்டு பயணங்களையும் சேர்த்து எழுத வேண்டும் என்பது என் எண்ணம்.

சிம்மாசனமும் முடியும் திரும்பிவிட்டன. 1934இல் குளொஸ்டர் கோமகன் கொண்டுவந்து கொடுத்தார். இப்போது கொழும்பு தேசிய நூதனசாலையில் இருக்கின்றன. அந்தச் சிம்மாசனமே 1693இல் இரண்டாம் விமலதர்மசூரியனுக்கு ஒல்லாந்தர் கொடுத்த பரிசு. 1765இல் கண்டி அரண்மனையைக் கொள்ளையிட்டதும் அதே ஒல்லாந்தர்தான். அப்போது எடுத்துப்போன பொருள்களின் வரலாற்றை நெதர்லாந்து ஆய்வாளர்கள் இலங்கை ஆய்வாளர்களோடு சேர்ந்து படிப்படியாகத் தேடி உறுதிப்படுத்தினார்கள். 2023இல் மாணிக்கம் பதித்த லெவ்கே திசாவையின் பீரங்கியும் வாள்களும் உள்பட 6 பொருள்கள் கொழும்புக்கு வந்து சேர்ந்தன.

250 ஆண்டுப் பழைய கொள்ளைக்கு அப்படித் தேட முடிந்தால், 1820 ஏலத்துக்கும் முடியும். அட்டவணையில் ஒவ்வொரு பொருளுக்கும் இலக்கம் உண்டு. வாங்கியவர் பெயரைப் பிடித்தால் அவரது உயில், அடுத்த ஏலம், நூதனசாலைப் பதிவேடு என்று ஒவ்வொன்றாகப் போகலாம். லண்டனில் படிக்கும் மலையகப் பிள்ளைகளே, பேராதனையில் வரலாறு படிப்பவர்களே, ஆளுக்கு ஓர் இலக்கத்தை எடுத்துக்கொள்ளுங்கள். தமிழ்ப் பிள்ளைகளும் சிங்களப் பிள்ளைகளும் சேர்ந்தே செய்ய வேண்டிய வேலை இது.