600 டாலரும் ஒரு பிஸ்டலும்

துப்பாக்கி என்றதும் நம்மில் பலருக்கு நினைவுக்கு வருவது சினிமாதான். கதாநாயகன் இரண்டு கையிலும் இரண்டு துப்பாக்கி பிடித்துப் பறந்துகொண்டே சுடுவார். பத்து வில்லன்கள் விழுவார்கள், தோட்டா மட்டும் தீரவே தீராது. இங்கே சொல்லப்போகும் துப்பாக்கி அப்படிப்பட்டதல்ல. வாரம் ஒரு மாலை, ஒரு கட்டடத்துக்குள், 50 அடி தூரத்தில் தொங்கும் காகிதத்தில் ஓட்டை போடும். அவ்வளவுதான் அதன் வேலை.

ஆனால் அப்படி ஒன்றை வாங்குவதற்குள் ஒரு கல்லூரிப் பெண் பட்ட பாடு இருக்கிறதே, அதுதான் கதை.

அமெரிக்காவின் ஓஹியோ மாநிலம். குளிர்காலத்தில் வெளியே பனி கொட்டும்போது அங்குள்ள துப்பாக்கி கிளப்புகள் உள்ளரங்கில் போட்டி நடத்தும். புல்ஸ்ஐ என்று பெயர். ஒரே கையில் பிஸ்டலைப் பிடித்துச் சுட வேண்டும். மறு கை சட்டைப் பையிலோ இடுப்பிலோ இருக்கும். மொத்தம் 30 குண்டுகள். முதல் 10 குண்டுகளுக்கு 10 நிமிடம். அடுத்த 10 குண்டுகள் இரண்டு சுற்று, சுற்றுக்கு 5 குண்டு, 20 விநாடி. கடைசி 10 குண்டுகளும் அதே போலத்தான், ஆனால் 5 குண்டுக்கு 10 விநாடிதான். எல்லாம் நடுவில் பட்டால் 300 மதிப்பெண்.

அந்தப் பெண் ஒரு பருவம் முழுக்க கிளப்பின் பொதுத் துப்பாக்கியில் சுட்டாள். பழைய ரூகர் மார்க் 2. 218, 231, 226 என்று மதிப்பெண் அங்கேயே சுற்றிச் சுற்றி வந்தது. 240-ஐத் தொடவே இல்லை. 'இந்தத் துப்பாக்கிதான் சரியில்லை' என்று முடிவு கட்டிவிட்டாள். கோடை விடுமுறையில் ஐஸ்கிரீம் கடையில் வேலை செய்து 600 டாலர் சேர்த்தாள். 21 வயதும் முடிந்தது. அமெரிக்காவில் கடையில் கைத்துப்பாக்கி வாங்க அந்த வயது வேண்டும்.

சரி, எதை வாங்குவது?

அதற்கு முன்னால் ரிம்ஃபயர் என்றால் என்ன என்று பார்த்துவிடலாம். தோட்டாவின் பின்பக்கத்தில் ஓரமாக ஒரு விளிம்பு இருக்கும். பற்றவைக்கும் மருந்து அந்த விளிம்புக்குள்ளேயே இருக்கிறது. ஊசி விளிம்பை நசுக்கினால் வெடிக்கும். பெரிய தோட்டாக்களில் இந்த மருந்து நடுவில் தனிக் கிண்ணத்தில் இருக்கும், அதை மாற்றிவிட்டுக் கூட்டைத் திரும்பப் பயன்படுத்தலாம். ரிம்ஃபயர் கூட்டை ஒருமுறை சுட்டால் குப்பைதான். ஆனாலும் விலை குறைவு, சத்தம் குறைவு, உதைப்பும் குறைவு. இன்று எல்லோரும் சுடும் .22 லாங் ரைஃபிள் தோட்டா 1887-இல் வந்தது. அன்றிலிருந்து பயிற்சிக்கு இதை மிஞ்ச ஆளில்லை. 2012 லண்டன் ஒலிம்பிக்கில் நம் விஜய் குமார் வெள்ளி வென்ற 25 மீட்டர் ரேபிட் ஃபயர் போட்டியும் .22 பிஸ்டல் போட்டிதான்.

இப்போது அந்தப் பெண்ணின் பட்டியல்.

ரூகர் மார்க் 4. ரூகர் நிறுவனம் 1949-இல் தொடங்கியபோது செய்த முதல் பொருளே ஒரு .22 பிஸ்டல்தான். அதன் வழி வந்த பேரன் இது, 2016-இல் வெளியானது. குழல் அசையாது, குறிபார்க்கும் பகுதியும் அசையாது, உள்ளே போல்ட் மட்டும் முன்னும் பின்னும் ஓடும். பழைய மார்க் 2, மார்க் 3 துப்பாக்கிகளைச் சுத்தம் செய்யக் கழற்றிவிடலாம். திரும்ப மாட்டுவதற்குள் ஆயுள் முடிந்துவிடும். மார்க் 4-இல் ஒரு பொத்தானை அழுத்தினால் போதும்.

பிரௌனிங் பக் மார்க். 1985 முதல் வருகிறது. கடையில் வாங்கியபடியே இதன் விசை இதமாக இருக்கும் என்று பலரும் சொல்வார்கள்.

ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் மாடல் 41. 1957-இல் வந்த பெரிய மனிதர். விலை ஆயிரம் டாலருக்கு மேல்.

கடைசியாக இத்தாலியின் பார்தினி. ஒலிம்பிக் வீரர்கள் வைத்திருப்பது. தோட்டாப் பெட்டி விசைக்கு முன்னால் இருக்கும், பிடி உள்ளங்கையை அச்சு எடுத்தாற்போல் இருக்கும். விலை இரண்டாயிரம் டாலருக்கு மேல்.

பட்டியலைப் படித்துப் படித்து அவளுக்குத் தூக்கம் போனது. கடன் வாங்கியாவது பார்தினி வாங்கிவிடலாமா என்று கூட நினைத்தாள். கிளப்பில் ஒரு பெரியவர் இருந்தார். நாற்பது வருடமாகச் சுடுகிறவர். 280-க்குக் கீழே இறங்கினால் அன்று யாரிடமும் பேச மாட்டார். அவரிடம் போய்க் கேட்டாள்.

அவர் பதில் சொல்லவில்லை. அவள் குறை சொன்ன அதே மார்க் 2-ஐ எடுத்தார். ஐந்து குண்டு சுட்டார். ஐந்தும் கருப்பு வட்டத்தின் நடுவில், ஒரு நாணயத்தால் மூடிவிடலாம்.

பிறகு கிளப்பின் பழைய ரிவால்வரை எடுத்துவந்தார். ஆறு அறை. அவள் பார்க்காதபடி மூன்றில் நல்ல தோட்டா, மூன்றில் ஏற்கெனவே சுட்ட வெற்றுக் கூடு போட்டுச் சுழற்றிக் கொடுத்தார். "சுடு" என்றார்.

முதல் இரண்டும் வெடித்தன. மூன்றாவது வெற்றுக் கூடு. 'டிக்' என்ற சத்தம் மட்டும். ஆனால் துப்பாக்கியின் முனை கீழே ஒரு விரல் அளவுக்குக் குனிந்து நிமிர்ந்தது. வெடிக்காத துப்பாக்கி ஏன் குனிய வேண்டும்? அவள் கைதான் குனிந்தது. வெடிக்கப்போகிறது என்ற பயத்தில், வெடிப்பதற்கு ஒரு கணம் முன்பே மணிக்கட்டு உதைப்பை எதிர்த்துத் தள்ளியது. வெடிக்கும்போது அந்த அசைவு உதைப்பில் மறைந்துவிடும். வெற்றுக் கூட்டில்தான் குட்டு வெளிப்படும்.

அவள் முகம் சிவந்துவிட்டது. ஒரு வருடமாகத் துப்பாக்கியைத் திட்டியது அத்தனையும் வீண்.

"இந்தக் குனிவு உன்னிடம் இருக்கும்வரை, நீ எதை வாங்கினாலும் அதுவும் குனியும். விலை அதிகமான துப்பாக்கி விலை அதிகமாகக் குனியும்" என்றார் பெரியவர்.

அப்படியானால் எந்தத் துப்பாக்கியும் ஒன்றுதானா? அதுவும் இல்லை. அடுத்த நான்கு வாரம் அவர் உறுப்பினர்களிடம் கெஞ்சி, வாரம் ஒரு துப்பாக்கியை அவளுக்கு இரவல் வாங்கிக் கொடுத்தார். ஒவ்வொன்றையும் மூன்று விதமாகப் பார்க்கச் சொன்னார்.

முதலாவது, கண்ணை மூடிக்கொண்டு வெற்றுத் துப்பாக்கியை இலக்கை நோக்கி உயர்த்த வேண்டும். பிறகு கண்ணைத் திறந்து பார்க்க வேண்டும். முன்குறி பின்குறியின் நடுவில் தானாக வந்து நிற்கிறதா? மேலே ஏறியோ கீழே இறங்கியோ நின்றால் பிடியின் சாய்வு அந்தக் கைக்கு ஒத்துவரவில்லை. ரூகரின் வழக்கமான பிடி நன்றாகச் சாய்ந்திருக்கும். அது சிலருக்குச் சொந்தக் கை போல, சிலருக்கு இரவல் செருப்பு போல. பின்னால் .45 துப்பாக்கியிலும் போட்டியிட நினைப்பவர்களுக்காக, அதன் நிமிர்ந்த சாய்வில் '22/45' என்று தனி மாடலே ரூகர் விற்கிறது.

இரண்டாவது, ஆள்காட்டி விரலின் முதல் கணுவின் நடுப்பகுதி விசையில் படுகிறதா? அவள் கை சிறியது. மாடல் 41-இன் தடித்த பிடியில் விரல் நுனிதான் எட்டியது. நுனியால் இழுத்தால் துப்பாக்கி ஒரு பக்கமாகத் தள்ளப்படும். ஆயிரம் டாலர் துப்பாக்கி இந்த ஒரு காரணத்தாலேயே பட்டியலில் இருந்து போனது.

மூன்றாவது, விசை. அமெரிக்கப் புல்ஸ்ஐ விதிப்படி .22-இன் விசை குறைந்தது 2 பவுண்டு எடையைத் தாங்க வேண்டும், அதாவது சுமார் 900 கிராம். விசையில் எடைக்கல்லைத் தொங்கவிட்டுத் துப்பாக்கியைத் தூக்கிப் பார்ப்பார்கள். விடுபடக் கூடாது. உலகப் போட்டிகளின் 25 மீட்டர் பிரிவில் அது 1000 கிராம். எடை எவ்வளவு என்பதைவிட, கரகரப்பு இல்லாமல் ஒவ்வொரு முறையும் ஒரே மாதிரி விடுபடுகிறதா என்பதுதான் முக்கியம்.

நான்கு வாரத்துக்குப் பின் கணக்குப் பார்த்தாள். பார்தினியில் அவள் எடுத்தது 236. பக் மார்க்கில் 233. நடுவில் இருப்பது மூன்றே மதிப்பெண்!

அப்புறம் அவள் ஒரு காகிதத்தில் வேறு கணக்கு போட்டாள். போட்டியில் வாரத்துக்கு 30 குண்டு, 12 வாரத்துக்கு 360. கடன் வாங்கிப் பெரிய துப்பாக்கி வாங்கினால் வருடம் முழுக்க இந்த 360-தான் சுட முடியும். பழைய பக் மார்க் வாங்கினால், மிச்சப் பணத்தில் ஏறக்குறைய 2000 குண்டு. கையின் பயத்தை எது போக்கும்?

இவ்வளவும் முடிந்தபின்தான் உண்மையான பரீட்சை வந்தது. வீட்டில் அம்மாவும் எட்டு வயதுத் தம்பியும் இருக்கிறார்கள். அம்மாவுக்குத் துப்பாக்கி என்றாலே ஆகாது. சின்னத் தோட்டாதானே என்று சமாதானம் சொல்ல முடியாது. .22 தோட்டாப் பெட்டியிலேயே, குண்டு ஒன்றரை மைல் வரை போகும் என்று எச்சரிக்கை இருக்கும். காகிதத்துக்கும் மனிதனுக்கும் அதற்கு வித்தியாசம் தெரியாது.

அம்மா ஒரே ஒரு வாக்கியம் சொன்னாள்: "எந்தத் துப்பாக்கி என்று நீ முடிவு செய். அது எங்கே இருக்கும் என்று நான் முடிவு செய்கிறேன்."

அதனால் கடைசிப் பட்டியல் இப்படி ஆனது. கண்பார்வை மங்கி விளையாட்டை விடும் ஓர் உறுப்பினரின் பக் மார்க், 330 டாலர். கடைக்காரர் மூலம், படிவம் நிரப்பி, பின்னணிச் சோதனை முடிந்துதான் கைக்கு வந்தது. சாவிப் பூட்டு போட்ட இரும்புப் பெட்டி, 60 டாலர். தோட்டாவுக்குத் தனியாக இன்னொரு பூட்டு, அதன் சாவி அம்மாவின் கொத்தில். மிச்சம் அத்தனையும் தோட்டா. ஒலியின் வேகத்தைத் தாண்டாத ரகம் மட்டும், ஏனென்றால் போட்டித் துப்பாக்கிகளுக்கு அதுதான் பொதுவாக ஒத்துப்போகும்.

தோட்டா வாங்கினாலும் பாதிப் பயிற்சி தோட்டா இல்லாமல்தான். கிளப்பில், வெறும் சுவரைப் பார்த்து, முனை அசையாமல் விசையை இழுத்துப் பழகுவது. ரிம்ஃபயரை வெறுமனே தட்டினால் ஊசி அறையின் விளிம்பில் பட்டுத் தழும்பு விழ வாய்ப்புண்டு என்பதால், பிளாஸ்டிக்கில் செய்த போலித் தோட்டா போட்டுக்கொண்டாள். துப்பாக்கி ஆடிக்கொண்டுதான் இருந்தது. "ஆடட்டும், எல்லோருக்கும் ஆடும். நீ விசையை இழுப்பதை நிறுத்தாதே" என்பார் பெரியவர்.

அந்தக் குளிர்காலத்தின் கடைசிப் போட்டியில் அவள் எடுத்தது 251. பரிசு ஒன்றும் கிடையாது. நடுவில் எங்கோ ஓர் இடம். பெரியவர் அவள் காகிதத்தை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். முன்பெல்லாம் குண்டுகள் கீழே இடப்பக்கம் சிதறிக் கிடக்கும். இப்போது நடுவைச் சுற்றி வட்டமாக இருந்தன.

பிறகு அவர் பழைய ரிவால்வரை எடுத்து, மூன்று தோட்டா, மூன்று வெற்றுக் கூடு போட்டுச் சுழற்றிக் கொடுத்தார். முதல் இழுப்பிலேயே 'டிக்'. முனை அசையவில்லை.